ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஒன்பது லட்ச ரூபாய்: பத்து வருஷம், மூன்று மருந்து

மிக்ஸி வாங்கினால் ரெவ்யூ, ஹேர் டை வாங்கினால் ரெவ்யூ. பத்து வருஷமாக என் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கும் மருந்துகளைப் பற்றித் தமிழில் தேடினால் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. சொந்த ஊர் புதுக்கோட்டை, கல்யாணமாகி வந்தது கிழக்கு லண்டன், ஒரு பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். எகுலிசுமாப், ராவுலிசுமாப், இப்டாகோபான் என்று மூன்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தவள் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வியாதியின் பெயர் பி.என்.ஹெச்., நம் உடம்பே நம் சிவப்பணுக்களை உடைத்துப்போடும் ஒரு ரத்த வியாதி. 2014 கடைசியில் ஆரம்பித்தது. காலையில் எழுந்து பாத்ரூம் போனால் டிகாக்‌ஷன் கலரில் போகும், மத்தியானத்துக்குள் வெளுத்துவிடும், அதனால் டாக்டரிடம் சாயங்காலம் சாம்பிள் கொண்டுபோனால் அதில் ஒன்றும் தெரியாது. சிறுநீர்த் தொற்று என்று மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கண் மஞ்சளானதை வீடியோ காலில் பார்த்துவிட்டு அம்மா காமாலை என்றே முடிவு கட்டி, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒன்பது நாள் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். வேலை செய்யவில்லை. ஆனால் அம்மாவைக் குறை சொல்ல முடியாது, கண் மஞ்சளானதற்குக் காரணம் சிவப்பணுக்கள் உடைவது என்பது லண்டன் டாக்டருக்கே தெரிய இன்னும் மூன்று மாசம் ஆனது. அதற்குள் மாடிப்படி பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன், இட்லியை விழுங்கினால் நெஞ்சுக்குள் யாரோ பிடித்து முறுக்குவது போல் வலி. ஹீமோகுளோபின் 7.1. எல்.டி.ஹெச். என்று ஒன்று இருக்கிறது, அணுக்கள் உடைந்தால் ஏறும், எனக்கு அது இருக்க வேண்டியதைப் போல பத்து மடங்கு. அப்புறம் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற ரத்தப் பரிசோதனை, அதில் பிடிபட்டது.

என்ன நடக்கிறது என்று எனக்கு நானே விளங்கவைத்துக்கொண்ட விதம் இது. காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதங்களின் கூட்டம், ஒரு காவல் நாய் மாதிரி. வெளியிலிருந்து கிருமி வந்தால் பாய்ந்து கடிக்கும். நம் சொந்த அணுக்களைக் கடிக்காமல் இருக்கக் காரணம், அவற்றின் மேல் சிடி55, சிடி59 என்று இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், நாய்க்குத் தெரிந்த வாசனை மாதிரி. எலும்பு மஜ்ஜையில் ஒரு தாய்ச்செல்லில் பிக்-ஏ என்ற மரபணு பழுதானால், அந்தப் புரதங்களை மாட்டிவைக்கும் கொக்கி உருவாகாது. கொக்கி இல்லை, வாசனை இல்லை, வீட்டு ஆளையே நாய் கடித்துக் குதறுகிறது. இது பிறவியில் வருவதில்லை, பிள்ளைக்கும் போகாது. (இதை என் மாமியாருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக் கதை.) உடைந்த அணுவிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின்தான் அந்த டிகாக்‌ஷன் கலர். அதே ஹீமோகுளோபின் ரத்தத்தில் நைட்ரிக் ஆக்ஸைடை உறிஞ்சிவிடுவதால் தசைகள் தளர முடியாமல் இறுகுகின்றன, இட்லி தொண்டையில் நின்றது அதனால். ரத்தம் உறைந்து அடைப்பு வருவதுதான் இதில் ஆளைக் கொல்வது. சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த வியாதிக்காரர்களில் பாதிப் பேர் பத்து வருஷத்தைத் தாண்டவில்லை என்று 1995-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அதை நான் எனக்கு இந்த வியாதி என்று தெரிந்த அன்று ராத்திரியே படித்துத் தொலைத்தேன்.

சரி, மருந்துக்கு வருவோம்.

இங்கிலாந்தில் பி.என்.ஹெச்.சுக்கென்று தேசிய சேவை இருக்கிறது, லீட்ஸிலும் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையிலும் மையங்கள். எகுலிசுமாப் மருந்தின் வரலாற்றிலேயே லீட்ஸுக்கு இடம் உண்டு, 2004-ல் பீட்டர் ஹில்மன் குழு வெளியிட்ட முதல் ஆய்வில் மொத்தம் 11 பேர்தான். 2007-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. எனக்கு 2015 ஏப்ரலில் ஆரம்பித்தார்கள். முதல் நாலு வாரம் வாரம் ஒரு தடவை 600 மில்லிகிராம், ஐந்தாவது வாரத்திலிருந்து 900, பிறகு பதினான்கு நாளுக்கு ஒரு தடவை ஆயுளுக்கும். அதற்கு முன்னாலேயே மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இரண்டு வகை. தடுப்பூசி போட்டாலும் போதாது, தினம் இரண்டு வேளை பெனிசிலின். ஏனென்றால் இந்த மருந்து செய்வது நாயைக் கட்டிப்போடுவதுதான், மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸ் என்ற திருடன் வந்தால் இனி குரைக்க ஆளில்லை. மற்றவர்களைவிட எங்களுக்கு அந்தத் தொற்று வரும் ஆபத்து 1,000 முதல் 2,000 மடங்கு என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. சொல்கிறது.

முதல் டிரிப்ஸ் அரை மணிக்கூறுக்குக் கொஞ்சம் கூட. தலைவலி மண்டையைப் பிளந்தது, இரண்டாவது ஊசியோடு அதுவும் போனது. மறுநாள் காலையில் பாத்ரூம் போனேன். வெள்ளை. விளக்கைப் போட்டு இன்னொரு தடவை பார்த்தேன், அப்புறம் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன், பாவம் அவரும் பார்த்தார். அந்த வாரக் கடைசியில் வலியில்லாமல் நாலு இட்லி சாப்பிட்டேன். ஐந்து நட்சத்திரத்தில் ஐந்தும் கொடுக்கலாம் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

மருந்து வீட்டுக்கே வரும், நர்ஸும் வீட்டுக்கே வருவார். ஒரு குப்பியின் பட்டியல் விலை 3,150 பவுண்ட், அன்றைய கணக்கில் மூன்று லட்ச ரூபாய்க்கு மேல். ஒரு தடவைக்கு மூன்று குப்பி. அந்த மூன்றும் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். கோடையில் ஒரு நாள் கரண்ட் போனபோது எங்கள் வீட்டில் எல்லாரும் ஃப்ரிட்ஜைச் சுற்றி நின்ற கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும், யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று என் கொழுந்தனார் காவல். வருஷத்துக்கு இருபத்தாறு தடவை என்று கணக்குப் போட்டால் இரண்டே கால் லட்சம் பவுண்டைத் தாண்டுகிறது. என் கையிலிருந்து ஒரு பென்னி போகவில்லை, இங்கத்து அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால் கூடவே சாப்பிடும் பெனிசிலினுக்கு மருந்துக் கடையில் காசு, இன்றைக்கு ஒரு சீட்டுக்கு 9.90 பவுண்ட். எங்கள் வியாதி இலவசப் பட்டியலில் இல்லையாம்.

குறைகளைச் சொல்கிறேன். பதினான்கு நாள் என்பது எழுதும்போது நீளமாகத் தெரிகிறது, வாழும்போது இல்லை. பன்னிரண்டாம் நாள், பதின்மூன்றாம் நாள் வந்தால் எனக்கு உடம்பே சொல்லிவிடும், முதுகு வலிக்கும், கண் ஓரம் லேசாக மஞ்சளடிக்கும், வேலையில் பாத்திரம் தூக்கினால் கை நடுங்கும். மருந்து தீர்கிற நேரத்தில் நாய் சங்கிலியை இழுத்துப் பார்க்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மருந்து வண்டி வரவில்லை. ஃபோன் பண்ணினால் திங்கட்கிழமை என்றார்கள், திங்கட்கிழமை பண்ணினால் கம்ப்யூட்டரில் வெள்ளிக்கிழமையே கொடுத்தாகிவிட்டது என்று இருக்கிறது என்றார்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. பதினாறாம் நாள் ராத்திரி பழைய டிகாக்‌ஷன் திரும்பி வந்தது. மருத்துவமனை நர்ஸ் ஒருவர் அங்கிருந்த மருந்தை எடுத்துவைத்துக்கொண்டு உடனே வரச்சொன்னதால் பிழைத்தேன். அந்த டெலிவரி நிறுவனத்துக்குத் தனியாக நட்சத்திரம் கொடுப்பதாக இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று நரம்பு. மாசத்துக்கு இரண்டு தடவை கேனுலா, ஆறு வருஷம். இடது முழங்கை மடிப்பில் இப்போதும் தடவினால் கயிறு மாதிரி தட்டுப்படும். குளிர்காலத்தில் நர்ஸ் வருவதற்குள் கையை வெந்நீரில் ஊறப்போட்டு வைப்பேன்.

அப்புறம் ஊர். புதுக்கோட்டையில் இந்த ஊசி யார் போடுவார், யார் வைத்திருப்பார்? ஆகவே போக வர ரெண்டு நாள் போக பதினொரு நாள், அதுதான் ஒவ்வொரு பயணத்துக்கும் என் அளவு. 2019-ல் அப்பா தவறியபோது ஊசி போட்ட மறுநாளே கிளம்பிப் போனேன். பதினாறாம் நாள் கருமாதிக்கு இருக்க முடியவில்லை. பதினான்காம் நாள் ஊசிக்காகப் பன்னிரண்டாம் நாள் விமானம் ஏறினேன். "ரெண்டு நாள் தள்ளிப் போட்டா என்னம்மா ஆயிரும்" என்று சித்தப்பா கேட்டார். அவரிடம் நாய்க்கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா.

ஆனால் இந்த மருந்துக்கு நான் என்றைக்கும் கெட்ட பேர் வாங்கித்தர மாட்டேன், காரணம் என் மகள். பி.என்.ஹெச். உள்ளவள் கர்ப்பமானால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றுதான் முன்பெல்லாம் சொல்வார்கள். 2015-ல் ஒரு ஆய்வு வந்தது, எகுலிசுமாப் போட்டுக்கொண்ட 61 பெண்கள், 75 கர்ப்பங்கள், ஒரு தாயும் இறக்கவில்லை. அதைக் காட்டித்தான் டாக்டர் எனக்குச் சரி சொன்னார். அந்த ஆய்விலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்தைக் கூட்ட வேண்டியிருந்தது, எனக்கும் ஆறாம் மாசத்திலிருந்து அதுதான், கூடவே ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி, வயிறு முழுக்க நீலத் தழும்பு. 2018-ல் பிறந்தாள். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று பயந்தபோது, அந்த ஆய்வில் சோதித்த பத்துத் தாய்ப்பால் மாதிரியில் ஒன்றில்கூட மருந்து இல்லை என்று, முன்பு மருந்தை எடுத்துவைத்துக் காப்பாற்றிய அந்த மருத்துவமனை நர்ஸம்மாதான் எடுத்துக் காட்டினார்.

2021 மே மாசம், எந்த மருந்தை என்.ஹெச்.எஸ்.ஸில் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் நைஸ் அமைப்பு ராவுலிசுமாபுக்குச் சரி சொன்னது, அந்த இலையுதிர் காலத்தில் என்னை மாற்றினார்கள். இது புது மருந்து என்று சொல்வதைவிட பழைய மருந்தின் தங்கச்சி என்று சொல்லலாம். எகுலிசுமாபில் நாலே நாலு அமினோ அமிலத்தை மாற்றியிருக்கிறார்கள், அதனால் உடம்பு அதைச் செரித்துவிடாமல் திரும்பத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்புகிறது. எகுலிசுமாப் பாதியாகக் குறைய 11 நாள், இது பாதியாகக் குறைய 50 நாளுக்குப் பக்கம். எட்டு வாரத்துக்கு ஒரு ஊசி. என் எடைக்கு 3,300 மில்லிகிராம், முக்கால் மணி நேரம். வருஷத்துக்கு இருபத்தாறு கேனுலா ஆறாகவோ ஏழாகவோ குறைந்தது. பன்னிரண்டாம் நாள் நடுக்கம் போயே போய்விட்டது. 2022 கோடையில் ஊரில் முழுசாக ஒரு மாசம் இருந்தேன், அம்மா மூன்றாம் வாரம் "எப்போ கிளம்புற" என்று கேட்டார், அது ஒரு சந்தோஷம்.

இதில் எனக்கு இருந்த ஒரே வருத்தம், அது ராவுலிசுமாபின் குற்றமும் இல்லை, இந்த இரண்டு மருந்துக்கும் பொதுவானது. ஹீமோகுளோபின் ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் ஏறவே இல்லை. எல்.டி.ஹெச். அழகாக இறங்கிவிட்டது, சிறுநீர் தெளிவு, அடைப்பு இல்லை, எல்லாம் சரி, ஆனால் களைப்பு. சமையல்கட்டில் இருநூறு பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்து வைத்துவிட்டு வந்தால் சோபாவில் விழுந்து எழுந்திருக்க ராத்திரி எட்டாகும். "ரத்தம் பத்தல, முருங்கைக்கீரை சாப்பிடு" என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். கீரையில் இல்லை விஷயம். இந்த இரண்டு மருந்தும் சி5 என்ற கடைசிப் படியில்தான் தடுக்கின்றன. நாய் கடிக்க முடியாதபடி வாய்க்குக் கூடை போட்டாகிவிட்டது. ஆனால் அது கிட்டே வந்து நக்குவதை யார் தடுப்பது? அதற்கு முந்தின படியில் இருக்கும் சி3 சிவப்பணுவின் மேல் எச்சில் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. எச்சில் பட்டதை மண்ணீரலும் கல்லீரலும் ஏற்றுக்கொள்வதில்லை, பொறுக்கி எடுத்து அழித்துவிடுகின்றன. ரத்தக்குழாய்க்குள் நடந்த கொலை வெளியே நடக்கிறது, அவ்வளவுதான். இதை யாரும் ஆரம்பத்திலேயே எனக்குச் சொல்லவில்லை. ஏழு வருஷம் நான் சோம்பேறி என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சி3-யிலேயே தடுக்கும் பெக்செட்டகோப்ளான் இருக்கிறது, போட்டுக்கொள்கிறீர்களா என்று 2022-லேயே கேட்டார்கள். வாரம் இரண்டு தடவை, வயிற்றுத் தோலுக்கடியில், சின்ன பம்பு வைத்து 20 மில்லி, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். எகுலிசுமாபோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த 80 பேர் ஆய்வில் ஹீமோகுளோபின் வித்தியாசம் 3.84 வந்தது, சின்ன விஷயமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அதில்தான் இருக்கிறார், மலையேறப் போகிறார். எனக்குத்தான் மனசு வரவில்லை. ஏழு வருஷமாக மற்றவர் குத்தியதே போதும் என்று இருந்தது, நானே வேறு வாரம் இரண்டு தடவை குத்திக்கொள்ள வேண்டுமா. மறுத்துவிட்டேன். போட்டுப் பார்க்காத மருந்துக்கு நட்சத்திரம் கொடுப்பதற்கில்லை.

மூன்றாவதுதான் இப்போது சாப்பிடுவது, இப்டாகோபான். இது ஊசியே இல்லை, வெளிர் மஞ்சள் கேப்ஸ்யூல், 200 மில்லிகிராம், காலை ஒன்று ராத்திரி ஒன்று. ஃபேக்டர் பி என்ற இடத்தில் தடுக்கிறது, அதாவது நாய் சங்கிலியை விட்டே கிளம்பாதபடி, எச்சிலும் இல்லை கடியும் இல்லை. இதன் ஆய்வில் சி5 ஊசி போட்டும் ரத்தசோகை தீராதவர்களைத்தான் எடுத்தார்கள், என்னைப் போன்றவர்களை. மாத்திரைக்கு மாறியவர்களில் கணக்கில் எடுத்த 60 பேரில் 51 பேருக்கு ரத்தம் ஏற்றாமலேயே ஹீமோகுளோபின் 2 புள்ளியாவது ஏறியது, ஊசியிலேயே தொடர்ந்த 35 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. ஒருவருக்குக்கூட! அந்த வரியை நான் வீட்டுக்காரரிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். இங்கே நைஸ் 2024 செப்டம்பரில் சரி சொன்னது. எனக்கு 2025 பிப்ரவரியில் தொடங்கினார்கள், கடைசி ராவுலிசுமாப் போட்டு ஆறு வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்துவிட வேண்டும் என்று கணக்குப் பண்ணி. முன்னதாக நிமோனியா தடுப்பூசியும் ஹிப் தடுப்பூசியும் சேர்த்துப் போட்டார்கள்.

இரண்டு வாரம் தலைவலி, கொஞ்சம் வயிற்றுப்போக்கு. ஒரு மாசத்தில் ஹீமோகுளோபின் 11.3, மூன்றாம் மாசம் 12.6. என் வயசுக்காரிகளுக்கு இது சர்வ சாதாரணமான எண். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு ஏற்றம், அதை நிற்காமல் ஏறிவிட்டு, ஏறியது தெரியாமல் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்குமேல் செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று, அந்த நேரத்தை நான் அதுவரை முழிப்பாகப் பார்த்ததே கிடையாது. இப்போது மகளுக்கு அந்த நேரத்தில் அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன், அவளுக்குத்தான் பிடிக்கவில்லை.

அப்படியானால் மாத்திரைக்கு ஐந்து நட்சத்திரமா என்றால், இல்லை, நாலு. காரணம் கேளுங்கள். முன்பெல்லாம் மருந்து உள்ளே போக வேண்டியது நர்ஸின் பொறுப்பு, வண்டிக்காரரின் பொறுப்பு, ஃப்ரிட்ஜின் பொறுப்பு. நான் கையை நீட்டினால் போதும். இப்போது எல்லாம் என் தலையில். ஊசிக் காலத்தில் பழுதான அணுக்களில் ஒரு பகுதி எப்படியும் அழிந்துகொண்டே இருந்தது, இப்போது ஒன்றும் அழியாததால் என் சிவப்பணுக்களில் ஏறக்குறைய அத்தனையும் வாசனை இல்லாதவை. மாத்திரையை விட்டால் நாய்க்கு விருந்து. டாக்டர் இதைச் சொன்ன விதம், "ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போட்டுவிடுங்கள், இரண்டு நாள் மறந்தால் எங்களைக் கூப்பிடாதீர்கள், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்." மேஜை, கைப்பை, வேலை செய்யும் இடத்து அலமாரி, மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். ஃபோனில் இரண்டு அலாரம். அலாரம் அடித்தால் மகள் "அம்மா, நாய்!" என்று கத்துகிறாள். கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இந்த மருந்துக்கு அது உண்டு. அதற்கு ஜெம்ஃபைப்ரோசில் போடக் கூடாது என்றார்கள். ஊரில் டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் இதன் பலத்தைக் குறைக்கலாம், நம் பக்கத்து ஆட்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆகவே என் தீர்ப்பு கொஞ்சம் கோணலானது. எனக்கு மாத்திரை. ஆனால் என் தம்பிக்கு இந்த வியாதி வந்திருந்தால் (வராது, தொட்டுக்கொள்கிறேன் மரத்தை) அவனுக்கு ராவுலிசுமாப்தான் சொல்வேன், பைக் சாவியையே தினம் தேடுகிறவன். டாக்டர்களும் இதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்பார்கள், "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவீர்களா" என்று. கௌரவத்துக்காக ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம், காய்ச்சல். நோயாளிகளுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள், மூளைக்காய்ச்சல் ஆபத்து, உடனே ஆன்டிபயாடிக் போடவும் என்று அதில் இருக்கும். 2023-ல் ஒரு சனிக்கிழமை ராத்திரி 39 டிகிரி காய்ச்சலோடு ஒரு எமர்ஜென்சிக்குப் போனேன். வரவேற்பில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு லாயல்டி கார்டைத் திருப்பித் தருவது போலத் தந்தார், உட்காருங்கள் என்றார். நாலு மணி நேரம். கடைசியில் வீட்டுக்காரர் பி.என்.ஹெச். நர்ஸின் இருபத்துநாலு மணி நேர எண்ணுக்கு ஃபோன் போட்டு, அந்த டாக்டரின் காதில் வைத்தார். பத்தே நிமிஷத்தில் கையில் டிரிப்ஸ். வந்தது வெறும் ஃப்ளூதான், ஆனால் அது முன்கூட்டி யாருக்குத் தெரியும். அட்டையைக் காட்டுவதோடு நிற்காதீர்கள், "காம்ப்ளிமென்ட் தடுப்பு மருந்து, மெனிஞ்ஜைட்டிஸ் ஆபத்து" என்று வாயால் சத்தமாகச் சொல்லுங்கள், வெட்கப்பட்டால் உயிர் போய்விடும்.

சிறுநீரகக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மருத்துவமனையில் ஊசி போட்ட நாட்களில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் வியாதிக்காரர் இல்லை, ஏ.ஹெச்.யூ.எஸ். என்ற சிறுநீரக வியாதி உள்ளவர், யாழ்ப்பாணத்துக்காரர். அதே காம்ப்ளிமென்ட்தான், ஆனால் அவர்களுக்கு அது பாய்வது சிறுநீரகத்தின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களின் உள்சுவரின் மேல். எகுலிசுமாபுக்கு இதற்கான அனுமதி 2011-ல், அளவும் கூடுதல், 900-த்தில் தொடங்கி 1,200. "அஞ்சு நாளைக்குள்ள குடுத்திருந்தால் என்ர கிட்னி தப்பியிருக்கும், எனக்கு அஞ்சு கிழமை பிந்திப்போச்சு" என்பார், டயாலிசிஸில் இருந்து, பிறகு இந்த மருந்தின் காவலில் மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர். இதில் வேகம்தான் எல்லாம். இங்கே நியூகாசிலில் இதற்கென்று தேசிய மையமே இருக்கிறது, காம்ப்ளிமென்ட்டை அடக்கிவைக்கும் ஃபேக்டர் ஹெச் என்ற புரதத்தின் மரபணுப் பழுதுக்கும் இந்த வியாதிக்கும் உள்ள தொடர்பை 1998-ல் கண்டதும் அந்த ஊர் ஆட்கள்தான். எங்களைப் போல ஆயுளுக்கும் என்று இல்லாமல், அவர்களில் சிலருக்குக் கண்காணிப்போடு மருந்தை நிறுத்திப் பார்க்கவும் முடிகிறது.

இந்தியாவில் என்ன செய்வது என்று கேட்டு எனக்கு உறவுக்காரர்கள் மூலம் இதுவரை மூன்று பேர் பேசியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் இந்த விலையில் அங்கே சொந்தக் காசில் வாங்குகிறவரை நான் பார்த்ததில்லை. பி.என்.ஹெச்.சுக்கு ரத்தம் ஏற்றுவது, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, பொருத்தமான அண்ணன் தம்பி அக்கா தங்கை இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று, அதற்கு வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்கள். அதில் ஆபத்து உண்டு, ஆனால் தேறிவிட்டால் வியாதியே போய்விடும், எங்கள் மருந்து எதற்கும் அந்தப் பெருமை கிடையாது. ஏ.ஹெச்.யூ.எஸ். வந்த இந்தியக் குழந்தைகளில் பாதிக்குப் பக்கம் பேருக்குக் காரணம், ஃபேக்டர் ஹெச்சுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடி. அவர்களுக்குப் பிளாஸ்மா மாற்றி, கூடவே எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தே நல்ல பலன் கிடைக்கிறது என்று டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக லண்டன் ஊசி இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று யாரும் கையை விரித்துவிட வேண்டாம். அந்த மூன்று பேரிடமும் நான் முதலில் கேட்டது, ஃப்ளோ சைட்டோமெட்ரி எடுத்தாயிற்றா என்றுதான். இரண்டு பேர் எடுக்கவில்லை, கீழாநெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்டில் ஐந்து வாரம் ஊருக்குப் போகிறோம். எழுபது கேப்ஸ்யூல், விமானம் தாமதமானால் என்று இன்னும் பதினாலு, பாதி என் பையில் பாதி அவர் பையில், ஒரு பை தொலைந்தாலும் சமாளிக்க. நேரம்தான் பிரச்சினை. இங்கே காலை எட்டு, ராத்திரி எட்டு. அங்கே அது மத்தியானம் பன்னிரண்டரை, நடுராத்திரி பன்னிரண்டரை. கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை நகர்த்தலாம் என்று நர்ஸ் சொன்னார், ஆனால் எனக்கு நகர்த்தப் பயம், அலாரம் வைத்து எழுந்துகொள்வதாக இருக்கிறேன். அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். நடுராத்திரியில் வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது, தோசை ஊற்றி வைக்கிறேன் என்றார். சாப்பாட்டோடும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம் என்றுதான் மாத்திரைப் பெட்டியில் வந்த தாளில் இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை.